கோழிக்குத் தழை, குடும்பத்துக்கு முட்டை
(தோட்டக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளம், போனஸ், வீட்டு வசதி என்று பேசும் மேடையில் கோழித் தீனியைப் பற்றிப் பேசுகிறோமே என்று சிலர் சிரிக்கலாம். சிரிக்கட்டும். பால் விலை இறங்கிய மாதத்திலும், மழையால் வெட்டு நின்ற நாளிலும், நம் பிள்ளைகளின் தட்டில் விழுவது வீட்டுப் பின்புறத்துக் கோழி இட்ட முட்டைதான். ஆகவே இதுவும் வயிற்றுப் பிரச்சினையே.

தீனி விலை ஏற ஏற, "மாட்டைப் போலக் கோழிக்கும் புல்லைப் போட்டால் என்ன?" என்று நம்மில் பலர் கேட்கிறோம். போடலாம், அளவறிந்து போட வேண்டும். மாட்டுக்கு நான்கு அறை கொண்ட வயிறு. வைக்கோலையும் அசைபோட்டுச் சத்தாக்கிவிடும். கோழிக்கோ பல்லும் இல்லை, அசைபோடும் வயிறும் இல்லை. பண்ணை இன முட்டைக்கோழி ஒன்றுக்கு நாளொன்றுக்குச் சுமார் 100 முதல் 120 கிராம் தீனி வேண்டும். பச்சைத் தழையிலோ பத்தில் எட்டுப் பங்கு நீர். தழையாலேயே வயிற்றை நிரப்பினால் கோழி மெலியும், முட்டை குறையும்.

ஆகவே தானியமும் தவிடும் அதற்குச் சோறு. தழை அதற்குக் கீரை. முருங்கை, கங்கோங், சர்க்கரைவள்ளி இலை ஆகியவற்றைப் பொடியாக நறுக்கிப் போடலாம். கட்டாகக் கட்டித் தலை உயரத்தில் தொங்கவிட்டால் கொத்தித் தின்னும். ஒன்றையொன்று கொத்துவதும் குறையும். மஞ்சள் கருவும் நிறங்கூடும். மரவள்ளி இலையைப் பச்சையாகப் போடக் கூடாது. அதில் நஞ்சு உண்டு. நறுக்கி வெயிலில் காயவைத்தால் பெரிதும் குறையும். நீண்ட காய்ந்த புல் இரைப்பையில் சிக்கி அடைத்துக்கொள்ளும். பூஞ்சணம் பிடித்த புல்லைத் தீனியாகவும் போடாதீர்கள், கூண்டில் பரப்பவும் செய்யாதீர்கள். குஞ்சுகளின் நுரையீரல் கெடும். அடைத்து வளர்க்கும் கோழிக்குப் பொடிக்கல்லும் வையுங்கள். அதுதான் அதற்குப் பல்.

இவை எல்லாவற்றிலும் பெரிய கேள்வி ஒன்று உண்டு. புல்லை எங்கே அறுக்கிறோம்? பாராகுவாட் களைக்கொல்லி 2020 ஜனவரி 1 முதல் மலேசியாவில் தடைசெய்யப்பட்டது. அதனால் வேறு மருந்து தெளித்த புல் தீனியாகிவிடாது. சில மருந்துகள் தெளித்த புல் பல நாள் பச்சையாகவே நிற்கும்; கண்ணால் கண்டறிய முடியாது. தெளிக்கும் கையும் நம்முடையது, அறுக்கும் கையும் நம்முடையது. முட்டை தின்னும் வாயோ நம் பிள்ளைகளுடையது!

ஆகவே, எந்த நிரையில் என்றைக்கு மருந்தடி என்பதைப் பிரட்டுக் களத்தில் முன்கூட்டியே அறிவிக்க வேண்டுமென்று கிளையின் மூலம் தோட்ட நிர்வாகத்தைக் கேட்போம். கிராணிமார்கள் அதைத் தமிழிலும், நம்மோடு உழைக்கும் வெளிநாட்டுத் தோழர்களுக்குப் புரியும் மொழியிலும் பலகையில் எழுதி வைக்கட்டும். அறிவிப்பு வரும்வரை, வேலியோரம் நாமே நட்ட தழையை மட்டும் அறுப்போம்.

மனு எழுதுவது ஒரு பக்கம் நடக்கட்டும். முருங்கைப் போத்து ஒன்றை நாளைக்கே நடுவோம்.