இரண்டு திறவுகோல்கள்



வீட்டுக்குக் கதவு வைப்பவர் பூட்டும் வைக்கிறார். சுவரையே ஊடுருவிச் செல்லும் அலைகளுக்குப் பூட்டிடுவது எங்ஙனம்? 1895-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ், சுவர்களைக் கடந்து அலைகளைச் செலுத்திக் கம்பியின்றியே மணி ஒலிக்கச் செய்தார். அவ்வினத்தைச் சேர்ந்த அலைகளே இன்று 'ரௌட்டர்' என்னும் சிறு பெட்டியிலிருந்து புறப்பட்டு, நம் வீட்டில் மட்டுமின்றித் தெருவிலும் பரவுகின்றன.

சென்ற கோடையில் நானே அப்பெட்டியை அமைத்தேன். கணினியைக் கம்பியால் அதனோடு இணைத்து, பெட்டியின் அடியில் அச்சிட்டிருந்த எண்முகவரியைத் தட்டினேன். அமைப்புப் பக்கம் திறந்தது. வைஃபைக்கு ஒரு பெயரும் கடவுச்சொல்லும் இட்டு, வேலை முடிந்ததென மகிழ்ந்தேன். அமைப்புப் பக்கத்துக்கெனத் தனியே உள்ள கடவுச்சொல்லையோ, தொழிற்சாலையில் இட்டபடியே விட்டுவிட்டேன்.

என்னிடம் பாடம் கேட்க வந்த மாணவன் ஒருவன், விளையாட்டாக அப்பக்கத்துள் புகுந்து யாவற்றையும் மாற்றிவிட்டான். என் பேத்தி கல்லூரிக்கு விண்ணப்பிக்க அன்றே இறுதி நாள்! பெட்டியின் பின்புறத் துளையில் குண்டூசியை நுழைத்துப் பத்து விநாடி அழுத்தினோம். பழைய அமைப்பு முழுவதும் அழிந்தது. இணைய நிறுவனம் தந்த பயனர் பெயரும் உடன் அழிந்தது. அதைக் குறித்த தாளைத் தேடி எடுப்பதற்குள் இரவாகிவிட்டது. நள்ளிரவுக்குச் சற்று முன்னரே விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. மறுநாள் அம்மாணவன் தானே வந்து ஒப்புக்கொண்டான். கண்டித்தேன், ஆயினும், திறவுகோலைக் கதவிலேயே விட்டவன் நானல்லவா?

ஆகவே, முதலில் அமைப்புப் பக்கத்தின் கடவுச்சொல்லை மாற்றுங்கள். அடுத்து, பாதுகாப்பு முறையைத் தேர்ந்தெடுங்கள். 1997-இல் வந்த 'வெப்' முறையின் பலவீனம் 2001-க்குள் வெளிப்பட்டுவிட்டது, அதனைத் தொடாதீர்கள். 2018-இல் வந்த 'டபிள்யூ.பி.ஏ. 3' சிறந்தது, அது இல்லையெனில், 2004-இல் வந்த 'டபிள்யூ.பி.ஏ. 2' போதும். இதில் கடவுச்சொல் 8 முதல் 63 எழுத்துகள் வரை இருக்கலாம். பிறர் ஊகிக்க இயலாத நீண்ட தொடராக அமையுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை தொலைவு செல்லும். 5 கிகாஹெர்ட்ஸ் அலை விரைவானது, எனினும் சுவர்களில் அதிகம் தளரும். பெட்டியை இரும்பு அலமாரிக்குப் பின் ஒளிக்காமல், வீட்டின் நடுவே உயரத்தில் வையுங்கள்.

இறுதியாக, எல்லாக் குறிப்புகளையும் ஓர் ஏட்டில் எழுதிப் பத்திரப்படுத்துங்கள். அறிவியல் தரும் வசதியைப் பயன்படுத்துவது எளிது. அதற்குப் பொறுப்பேற்பதே கல்வி.