உழைப்பு வேண்டும், உழைப்பவர் வேண்டாமா?



பெங்களூருவில் கோரமங்கலா என்று ஓர் இடம் இருக்கிறது. ஒரு காலத்தில் அது கிராமம். வயல் இருந்தது, ஏரி இருந்தது. இன்று அங்கே பங்களாக்கள், அடுக்குமாடி வீடுகள், கணினி நிறுவனங்கள். நிலத்தின் விலை கேட்டால் தலை சுற்றும்.

இவற்றைக் கட்டியவர்கள் யார்? தமிழ்நாட்டிலிருந்தும், ஆந்திராவிலிருந்தும், வட கர்நாடகத்திலிருந்தும் பிழைக்க வந்த கொத்தனார்கள், சித்தாள்கள். கட்டி முடித்த வீட்டைப் பெருக்குவதும், பாத்திரம் துலக்குவதும், குழந்தையைப் பார்த்துக்கொள்வதும் அவர்கள் வீட்டுப் பெண்கள்தான்.

கோரமங்கலாவை ஒட்டியிருப்பது ஈஜிபுரா. நலிந்த பிரிவினருக்காக மாநகராட்சி அங்கே சுமார் 15 ஏக்கர் நிலத்தில் சுமார் 1,500 வீடுகளைக் கட்டியது. கட்டடங்களில் தரம் இல்லை. சில ஆண்டுகளிலேயே அவை பழுதாகி, இடிக்கப்பட்டன. மக்கள் அதே இடத்தில் தகரக் கொட்டகை போட்டுக்கொண்டு, புதிய வீடு வரும் என்று காத்திருந்தார்கள்.

வந்தது வேறு திட்டம். நிலத்தின் ஒரு பகுதியில் ஏழைகளுக்கு வீடு, மறு பகுதியில் தனியார் நிறுவனத்தின் வணிக வளாகம் என்று முடிவானது. 2013 ஜனவரியில் போலீஸ் காவலோடு புல்டோசர்கள் வந்தன. சில நாட்களில் கொட்டகைகள் தரைமட்டம். ஆயிரக்கணக்கானோர் தெருவுக்கு வந்தார்கள். குளிர்கால இரவுகளை நடைபாதையில் கழித்தார்கள். மாணவர்களும் சமூக ஆர்வலர்களும் அவர்களோடு நின்று போராடினார்கள்.

"அவர்கள் உண்மையான பயனாளிகள் அல்ல, ஆக்கிரமிப்பாளர்கள்" என்ற பேச்சும் எழுந்தது. வீடு ஒதுக்கப்பட்டவர்களும் அங்கே இருந்தார்கள். வாடகைக்கு வந்தவர்களும் இருந்தார்கள். இருவரையும் ஒரே சொல்லால் தள்ளுவது நியாயமா?

அந்தச் சொல்லைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 1997 தேசிய விளையாட்டுப் போட்டிக்காக, அதே பகுதியில் ஏரி இருந்த நிலத்தில் அடுக்குமாடிகள் எழுந்தன. அவற்றுக்குப் பெயர் 'விளையாட்டுக் கிராமம்'. ஏழையின் தகரக் கொட்டகைக்குப் பெயர் 'ஆக்கிரமிப்பு'. ஆளைப் பார்த்துப் பெயர் வைக்கிறது நகரம்.

பல வீடுகளில் வேலைக்காரப் பெண்ணுக்குத் தனித் தம்ளர். பல அடுக்குமாடிகளில் தனி லிப்ட். காலையில், "ஏன் இவ்வளவு நேரம்? சீக்கிரம் வரக்கூடாதா?" என்பார்கள். மாலையில் அதே வாய், "இந்தக் குடிசைகளை எப்போது எடுப்பார்கள்?" என்று கேட்கும். குடிசையை ஊருக்கு வெளியே தள்ளினால் அந்தப் பெண் எப்படிச் சீக்கிரம் வருவாள்? இரண்டு பஸ் மாற வேண்டும். பள்ளி மாறும் பிள்ளைக்குப் படிப்பும் கெடும்.

சட்டம் என்ன சொல்கிறது? மும்பை நடைபாதைவாசிகள் வழக்கில் 1985-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உயிர் வாழும் உரிமையில் பிழைப்புக்கான உரிமையும் அடங்கும் என்றது. அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவை அப்படி விளக்கியது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். வெளியேற்றவே கூடாது என்று அது சொல்லவில்லை. முறைப்படி அறிவிப்புக் கொடுத்து, நியாயமான வழியில் செய்ய வேண்டும் என்றது.

ஆகவே, சுவரில் ஒட்டும் அறிவிப்பைப் படிக்கத் தெரிய வேண்டும். அதில் என்ன தேதி? யார் கையெழுத்து? பதில் சொல்ல எத்தனை நாள்? ஒதுக்கீட்டுக் கடிதம், ரேஷன் அட்டை, வாக்காளர் அட்டை, வாடகை ரசீது எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள். நகல் எடுத்து வேறோர் இடத்திலும் வையுங்கள். படித்துப் பார்க்காமல் எதிலும் கைநாட்டு வைக்காதீர்கள். தனியாகப் போகாமல் தெருவாகச் சேர்ந்து போங்கள். இலவச சட்ட உதவி மையத்தை நாடுங்கள்.

வசதியுள்ளவர்களும் ஒன்றை நினைக்க வேண்டும். ஒரு கை சமைத்த சோறு ருசிக்கிறது. அந்தக் கைக்குச் சொந்தக்காரர் பக்கத்துத் தெருவில் குடியிருந்தால் மட்டும் ஏன் கசக்கிறது?

சிந்தியுங்கள். உங்கள் தெருவில் இதைப் பேசுங்கள்.