விசிலுக்கு ஊரும் இல்லை, கட்சியும் இல்லை!

(திருமானூரில் இளைஞர்கள், உடற்கல்வி ஆசிரியர்களுடன் நடந்த சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம்ம மண்ணுக்கு விளையாட்டு புதுசு இல்லை. 2022 ஆசியக் கோப்பை ஹாக்கியில பாகிஸ்தானுக்கு எதிரா கோல் அடிச்ச கார்த்தி செல்வம் நம்ம அரியலூர்க்காரர். பிள்ளைங்ககிட்ட திறமை இருக்கு. அந்தத் திறமையை நியாயமா அளந்து சொல்ல ஆள் இருக்கா? அதைப் பத்தித்தான் பேச வந்திருக்கேன்.

நான் பள்ளிக்கூடத்துல கூடைப்பந்து ஆடின காலம். ஒரு அரையிறுதிக்கு நடுவர் வரலை. எதிரணிப் பயிற்சியாளரே விசிலை எடுத்துக்கிட்டார். எங்க அணியில நல்லா ஆடுற பையனுக்கு மூணாவது பகுதி முடியறதுக்குள்ள 5 ஃபவுல். வெளியே போயிட்டான். அதுல எத்தனை உண்மையான ஃபவுல்னு இன்னைக்கும் எனக்குத் தெரியாது. அவர் சரியாவே ஊதியிருக்கலாம். ஆனா எங்களால நம்ப முடியலை. அந்தப் பையன் அதுக்கப்புறம் பந்தைத் தொடவே இல்லை.

இது வெறும் விளையாட்டுன்னு நினைக்காதீங்க. விளையாட்டு வீரர்களுக்கு அரசு வேலையில 3 சதவீத ஒதுக்கீடு இருக்கு. அந்த ஏணியோட முதல் படி மாவட்டப் போட்டிதான். முதல் படியிலேயே தப்பா ஒரு விசில் விழுந்தா, கூலி வேலைக்குப் போற அம்மாவோட கனவும் சேர்ந்து விழுது.

அதனாலதான் சொல்றேன்: பெரம்பலூர், அரியலூர் ரெண்டு மாவட்டத்துக்கும் சேர்த்து கூடைப்பந்து நடுவர்களுக்குன்னு ஒரு சங்கம் வேணும். அமெரிக்காவுல 1921-லேயே நடுவர்கள் தங்களுக்குன்னு சங்கம் வெச்சுக்கிட்டாங்க. நம்மாலயும் முடியும். பெரிய போட்டிகள்ல களத்துக்குள்ள 3 நடுவர், மேசையில 4 பேர். ஸ்கோர் எழுத ஒருத்தர், அவருக்கு உதவியாளர், ஆட்ட நேரம் பார்க்க ஒருத்தர், 24 விநாடிக் கடிகாரத்துக்கு ஒருத்தர். ஆக 7 பேர். 1975-ம் வருஷத்துச் சங்கப் பதிவுச் சட்டப்படி சங்கத்தைப் பதியவும் 7 பேர் போதும்!

பதியறது ஒரு நாள் வேலை. நடத்தறதுதான் கஷ்டம். அரியலூர் ஆட்டத்துக்குப் பெரம்பலூர் நடுவர், பெரம்பலூர் ஆட்டத்துக்கு அரியலூர் நடுவர் போகணும். தன் பள்ளி ஆடுற ஆட்டத்துல பி.டி. சார் விசில் ஊதக் கூடாது. யாருக்கு எந்த ஆட்டம்னு முன்கூட்டியே பட்டியல் ஒட்டணும். உலகக் கூட்டமைப்பு விதிகளை அப்பப்போ மாத்துது, 2024 அக்டோபர்லகூட மாத்தினாங்க. அதனால வருஷா வருஷம் பயிற்சியும் தேர்வும் வேணும். பயணப்படியை ஆட்டம் முடிஞ்ச அன்னைக்கே கையில கொடுக்கணும். கணக்கைப் பொதுக்குழுவுல படிக்கணும்.

புகாருக்கும் முறை இருக்கு. தோத்த அணித் தலைவர் ஆட்டம் முடிஞ்ச 15 நிமிஷத்துக்குள்ள ஸ்கோர் ஷீட்ல கையெழுத்துப் போட்டு ஆட்சேபம் பதியலாம். மைதானத்துல சட்டையைப் பிடிக்க வேண்டியதில்லை. இதை நடுவர்தான் பிள்ளைங்களுக்குச் சொல்லிக் கொடுக்கணும்.

தங்கைகளே, ஆட்டத்தை விட்டதும் மைதானத்தையும் விட்டுடாதீங்க. பெண்கள் ஆட்டத்துக்குப் பெண் நடுவர் இருந்தா, மகளை அனுப்பத் தயங்குற எத்தனையோ அப்பாக்கள் தயங்காம அனுப்புவாங்க.

கடைசியா நம்ம கட்சிக்காரங்களுக்கு ஒரு வார்த்தை. இந்தச் சங்கத்துல நமக்குப் பதவி வேண்டாம். பேனர்ல நம்ம படம் வேண்டாம். "நம்ம பையன் ஆடுறான், கொஞ்சம் பாத்துக்கங்க"ன்னு நடுவருக்கு ஒரு போன் கூடப் போகக் கூடாது. இடம் பிடிச்சுக் கொடுங்க, பயிற்சிக்கு வர்றவங்களுக்குச் சாப்பாடு போடுங்க, அப்புறம் பார்வையாளர் வரிசையில போய் உட்காருங்க. நமக்கு எதிரா வாக்களிச்ச வீட்டுப் பிள்ளைக்கும் அதே விசில்தான் ஊதணும்.

விசில் ஊத விருப்பம் இருக்கிறவங்க இன்னைக்கே முன்வரிசையில பேர் கொடுத்துட்டுப் போங்க. முதல் 7 பேர் திருமானூர்லேர்ந்து கிளம்பட்டும்.



#திருமானூர் #அரியலூர் #பெரம்பலூர் #கூடைப்பந்து