குழந்தை வளர்ப்பும் குடும்பச் சிக்கனமும்

(திருவிழாவில் ஆற்றிய உரை)



இன்று மாநகரமாகத் திகழும் சுபாங் ஜெயா, 1976-இல் வீடமைப்புப் பணி தொடங்குவதற்கு முன்னர் சீபீல்டு ரப்பர்த் தோட்டமாக இருந்தது. தோட்டத்துத் தாய் குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுப் பிரட்டுக்குச் சென்றாள். குடியிருக்க லயத்து வீடு இருந்தது. கொல்லையில் முருங்கையும் கீரையும் இருந்தன. அவள் பேத்தியோ இன்று ஒவ்வொன்றையும் விலை கொடுத்தே பெறுகிறாள். வீட்டுக்கடன் தவணை, குழந்தை பராமரிப்பு, பாலர் பள்ளி, பள்ளிப் பேருந்து, பிரத்தியேக வகுப்பு எனச் செலவுகள் வரிசையாக நிற்கின்றன. ஆகவே, திண்டாடும் பெற்றோரை ஊதாரிகள் என்று பழிப்பது நியாயமன்று.

எனினும், செலவில் இருவகை உண்டு. ஒன்று குழந்தைக்காகச் செய்வது. மற்றொன்று பார்ப்பவர்களுக்காகச் செய்வது. சத்துணவு, மருத்துவம், நூல்கள் ஆகியவை முதல் வகை. மண்டபம் எடுத்து, கடன்பற்று அட்டையில் கொண்டாடும் முதலாண்டுப் பிறந்தநாள் இரண்டாம் வகை. விருந்து ஒரே மாலையில் முடிந்துவிடும். கடனோ மாதந்தோறும் வாசலுக்கு வரும். முதல் வகையில் கைவைப்பது சிக்கனமன்று, கஞ்சத்தனம். இரண்டாம் வகையைக் குறைப்பதே சிக்கனம்.

சிறுசேமிப்பின் வலிமைக்குச் சான்று இம்மண்ணிலேயே உண்டு. நாடு விடுதலை பெற்ற காலத்தில், அந்நிய முதலாளிகள் விற்ற தோட்டங்கள் துண்டாடப்பட்டன. தொழிலாளர்கள் வேலையோடு வீட்டையும் இழந்தனர். துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். 100 வெள்ளிப் பங்கை, மாதம் 10 வெள்ளியாகத் தொழிலாளர்கள் செலுத்தினர். மறு ஆண்டே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் அவர்களின் கூட்டுச் சொத்தானது. கூலிக்கு உழைத்த கைகள் சேர்த்த பணம் அது!

மாதம் 50 வெள்ளியைப் பிள்ளையின் பெயரில் ஒதுக்கினால், 18 ஆண்டுகளில் முதல் மட்டும் 10,800 வெள்ளி. இதற்கெனவே தேசியக் கல்விச் சேமிப்புத் திட்டம் 2004-இல் தொடங்கப்பட்டது. சேமிப்பு இருந்தால், உயர்கல்விக் கடனின் சுமை அந்த அளவிற்குக் குறையும்.

குடும்பக் கணக்கைப் பிள்ளைகளிடம் மறைத்தல் வேண்டா. வருவாயும் செலவும் அறிந்த பிள்ளை, 'இல்லை' என்னும் சொல்லை அன்பின்மையாகக் கருதாது. அவ்வறிவே பெற்றோர் அளிக்கும் முதற்செல்வம்.

இல்லந்தோறும் நலம் பெருகுக!