வேஷத்துக்குக் கும்பிடு, ஆளுக்குத் தீட்டா?

(ஓரிக்கையில் நடந்த கே. பி. ஜானகி அம்மையார் நினைவுக் கூட்டத்தில் பேசியது)



இன்று இங்கே அம்மையாரின் படத்தை வைத்திருக்கிறீர்கள். கற்பூரம் கொளுத்தவில்லை, தேங்காய் உடைக்கவில்லை. அதற்காக முதலில் உங்களைப் பாராட்டுகிறேன். செத்தவர்களைச் சாமியாக்கி விட்டால், அவர்கள் செய்த காரியத்தை நாம் செய்ய வேண்டியதில்லை என்று ஆகிவிடும். அந்தத் தந்திரம் நமக்கு வேண்டாம்.

அம்மையார் 1917-ல் பிறந்தவர். 1992 மார்ச் முதல் தேதி காலமானார். "மதுரைக்காரரைப் பற்றி ஓரிக்கையில் என்ன பேச்சு?" என்று ஒரு நண்பர் கேட்டார். "அவர் பொதுவுடைமைக் கட்சிக்காரர் அல்லவா, நமக்கென்ன?" என்று இன்னொருவர் கேட்டார். மூன்றாமவர் கேட்டதுதான் கெட்டிக்காரத்தனமான கேள்வி: "புராண நாடகத்தில் பாடி நடித்தவருக்குப் பகுத்தறிவுக்காரர் கூட்டம் போடலாமா?" என்றார். போடலாம் என்று சொல்லவே வந்திருக்கிறேன்.

அம்மையார் சிறு பெண்ணாயிருக்கும்போதே வயிற்றுப்பாட்டுக்காக நாடகக் கம்பெனிக்குப் போனவர். தொண்டையை நம்பிப் பிழைத்து, முன்னணி ஸ்திரீபார்ட் ஆனார். அக்காலத்து ஸ்பெஷல் நாடகம் எப்படி நடக்கும் என்று பெரியவர்களுக்குத் தெரியும். ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்து வருவார். ஒத்திகை கிடையாது. விடிய விடியப் பாட்டு, தர்க்கம். வள்ளி தினைப்புனத்தில் பட்சி விரட்டும் கட்டம் வந்தால், அங்கே வெள்ளைக் கொக்கு விரட்டப்படும். எந்தக் கொக்கு என்று ஜனங்களுக்கும் தெரியும், முன் வரிசையில் உட்கார்ந்திருக்கும் போலீஸ்காரருக்கும் தெரியும். நாடகத்தை அடக்க 1876-லேயே சர்க்கார் சட்டம் போட்டிருந்தது. ஆனால் மேடையில் நினைத்தபோது பிறக்கும் பாட்டை எந்தச் சட்டம் முன்கூட்டிப் பிடிக்கும்?

இப்படிப் பாடிப் பாடி ஜெயிலுக்குப் போனவர்களில் தலையானவர் சிவகாசியில் பிறந்த விசுவநாததாஸ். அவர் நாவிதர் குலம் என்று சொல்லப்பட்ட குலத்தில் பிறந்தவர். அவர் முருகன் வேஷம் போட்டு மயில்மேல் வந்தால் ஆயிரம் பேர் கன்னத்தில் போட்டுக் கொண்டார்கள். ஆனால் அவரோடு ஜோடியாக நிற்க நடிகைகள் பலர் மறுத்தார்கள். ஏன்? அவர் ஜாதி மட்டம் என்று!

தோழர்களே, யோசித்துப் பாருங்கள். முகத்தில் அரிதாரம் இருக்கும்வரை கடவுள். அரிதாரம் கழுவினால் தீட்டு. அரிதாரத்துக்கு இருக்கும் யோக்கியதை மனிதனுக்கு இல்லையா? இந்த மடமையைப் புராணமும் போக்கவில்லை, தேசபக்தியும் போக்கவில்லை. வெள்ளைக் கொக்கை விரட்ட வேண்டும் என்று கை தட்டியவர்களே, பாடியவர் பக்கத்தில் நிற்கக் கூசினார்கள். "சுயராஜ்யம் சரி, அதில் யார் யாருக்குப் பங்கு?" என்று 1925 நவம்பரில் நம் காஞ்சிபுரத்து மாநாட்டில் பெரியார் கேட்டுவிட்டு வெளியேறினாரே, அதே கேள்விதான் இது.

ஜானகி அம்மையார் மறுக்கவில்லை. அவரோடு மேடையில் நின்றார், பாடினார். விசுவநாததாஸ் 1940 டிசம்பர் 31-ல் சென்னையில் மேடையிலேயே பாடிக் கொண்டிருக்கும்போது உயிர் விட்டார். அப்போது அம்மையாருக்கு இருபத்து மூன்று வயது. ஆகவே அவர் அந்தத் துணிவைக் காட்டிய வயதை நீங்களே கணக்குப் பார்த்துக் கொள்ளுங்கள். இது சின்னக் காரியமா? நெசவாளர்களாகிய உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கோர்வைச் சேலை ஒருவர் கையால் ஆகிறதா? கரைக்கு நாடா தள்ள இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் கரையும் உடலும் சேரும். ஜோடி இல்லையென்றால் விசுவநாததாஸின் பாட்டுக்கு மேடையே இல்லை.

மேடையில் பழகிய தைரியம் தெருவுக்கும் வந்தது. 1936-ல் காங்கிரசில் சேர்ந்தார்; பிறகு பொதுவுடைமைக் கட்சிக்கு வந்தார். 1939 செப்டம்பரில் யுத்தம் மூண்டது. இந்தியர் ஒருவரையும் கேட்காமல், இந்தியாவும் யுத்தத்தில் இறங்கியதாக வைசிராய் அறிவித்தார். "யாருக்காக எங்கள் பிள்ளைகள் சாக வேண்டும்?" என்பதே அன்று யுத்த எதிர்ப்பாளர் கேள்வி. அம்மையாரும் அந்தப் பிரசாரத்தில் இறங்கினார். இந்தியப் பாதுகாப்புச் சட்டத்தில் தென்னாட்டில் முதன்முதல் கைதான பெண் அவரே. 1941-ல் ஹிட்லர் ரஷ்யாவின்மேல் பாய்ந்த பிறகு அவர் கட்சி யுத்தத்தைப் பற்றிய தன் கொள்கையை மாற்றிக் கொண்டது. அது சரியா தப்பா என்பது வேறு விவாதம். ஜெயிலுக்கு அஞ்சாத பெண் என்பதில் விவாதமில்லை. நாடகத்தில் சம்பாதித்த சொத்தையும் நகையையும் இயக்கத்துக்கே கொடுத்தார். 1967-ல் மதுரைக் கிழக்குத் தொகுதியிலிருந்து சட்டசபைக்குப் போனார். "கூத்தாடி" என்று ஊர் இளக்காரம் பேசிய தொழிலில் இருந்து வந்தவரை, அந்த மக்களே "அம்மா" என்று அழைத்தார்கள்.

இனி, என்னைப் பற்றிய ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லுகிறேன். நானும் தறிக்குழியில் கால் வைத்து வளர்ந்தவன்தான். பள்ளிக்கூடம் அதிகம் கண்டவனல்ல. இருபது வருஷத்துக்கு முன் ஒரு கிராமத்தில் கூட்டம் போட்டோம். நாட்டுப் பாட்டுப் பாட ஓர் அம்மாளை அழைத்திருந்தோம். அவர் பாட்டுக்குத்தான் கூட்டம் சேர்ந்தது, என் பேச்சுக்கல்ல. கூட்டம் முடிந்து ஒரு வீட்டில் சாப்பாடு. எனக்கு உள்ளே இலை போட்டார்கள். அந்த அம்மாளுக்குத் திண்ணையில் போட்டார்கள். நான் பார்த்தேன். பேசாமல் சாப்பிட்டேன். ஒரு மணி நேரம் சமத்துவம் பேசிய வாய், ஒரு கவளம் சோற்றுக்கு மூடிக் கொண்டது. ஜானகி அம்மையாரின் சரித்திரத்தைப் படித்த நாளில் அந்தத் திண்ணைதான் என் கண்முன் வந்தது. இலையை எடுத்துக் கொண்டு நானும் திண்ணைக்குப் போயிருக்கலாமே! அதற்குப் படிப்பு வேண்டுமா, பணம் வேண்டுமா?

ஆகவே தோழர்களே, இந்தப் படத்துக்கு மாலை போட்டதோடு வீட்டுக்குப் போய்விடாதீர்கள். யார் பக்கத்தில் உட்கார ஊர் கூசுகிறதோ, அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். உங்கள் வீட்டுப் பெண் மேடையேறிப் பாடவோ பேசவோ விரும்பினால் "நாலு பேர் என்ன சொல்லுவார்கள்" என்று தடுக்காதீர்கள். இன்றைக்குக்கூடப் பாருங்கள், தாய்மார்கள் பின்னால் ஓரமாக நிற்கிறார்கள். இது ஒரு பெண்ணுக்காகக் கூடிய கூட்டம். ஆண்கள் சற்று எழுந்து முன்னே இடம் விடுங்கள். அதுதான் அம்மையாருக்குச் செய்யும் மரியாதை.

இடம் கிடைத்துவிட்டது என்று தெரிகிறது. ஆதலால் இத்துடன் முடித்துக் கொள்கிறேன்.