மான்செஸ்டருக்குப் போகும் பிள்ளைகளுக்கு
(மூலனூரில் பஞ்சாலை, விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கோயமுத்தூரைத் ‘தென்னிந்தியாவின் மான்செஸ்டர்’ என்று முதலாளிமார் மார்தட்டுவதை நாம் நெடுநாளாகக் கேட்டு வருகிறோம். இன்றோ நம் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் அந்த அசல் மான்செஸ்டருக்கே படிக்கப் போகிறார்கள். பந்தாட்டம், பாட்டுக் கச்சேரி, இரவிலும் ஓயாத கடைவீதி என்று கலகலப்பான ஊர்தான். பார்க்கட்டும், சந்தோஷப்படட்டும். ஆனால் நம்மைப்போல் நூல் நூற்றவர்கள் அந்த ஊரில் எப்படி வாழ்ந்தார்கள் என்பதையும் பார்த்துவிட்டு வரவேண்டும்.

ஊர் நடுவே பீட்டர் தெருவில் ‘சுதந்திர வர்த்தக மண்டபம்’ என்ற பழைய கட்டடத்தின் முகப்பு நிற்கிறது. அதன் பின்னால் இப்போது பெரிய ஓட்டல்; காசுள்ளவர்கள் தங்குகிறார்கள். மண்டபம் எழுவதற்கு முன் அது வெறும் மைதானம். 1819 ஆகஸ்டு 16ந் தேதி, சுமார் 60,000 பேர் பிள்ளை குட்டிகளோடு அங்கே கூடினார்கள். கேட்டது ஓட்டுரிமை. பதிலுக்கு வந்தது குதிரைப்படையின் வாள்! 15 பேருக்குக் குறையாமல் மாண்டார்கள், நூற்றுக்கணக்கானோர் காயம்பட்டார்கள். அவர்களுக்கு முறையாக ஒரு நினைவுச் சின்னம் எழுப்ப அந்தப் பணக்கார ஊருக்கு 200 வருஷம் பிடித்தது. 2019ல்தான் வைத்தார்கள்.

அதே மண்டபத்தில் நடந்த இன்னொரு கூட்டத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1861ல் அமெரிக்காவில் உள்நாட்டு யுத்தம் மூண்டது. மான்செஸ்டரைச் சுற்றியுள்ள லங்காஷயர் ஆலைகளுக்குப் பஞ்சில் பெரும்பகுதி அமெரிக்கத் தென் மாகாணங்களிலிருந்து வந்தது. அங்கே பருத்தி எடுத்தவர்கள் கறுப்பின அடிமைகள். லிங்கன் சர்க்கார் தென் துறைமுகங்களை முற்றுகையிட்டது. பஞ்சு நின்றது, ஆலை நின்றது, லட்சக்கணக்கானோர் கஞ்சித் தொட்டிக்கு வந்தார்கள். ‘முற்றுகையை உடை, பஞ்சைக் கொண்டு வா’ என்று ஒரு கூட்டம் பிரிட்டிஷ் சர்க்காரை நெருக்கிற்று. 1862 டிசம்பர் 31 இரவு மண்டபத்தில் கூடிய தொழிலாளிகளோ, அடிமை முறை ஒழியவேண்டும், நாங்கள் லிங்கன் பக்கம் என்று தீர்மானம் போட்டார்கள். 1863 ஜனவரி 19ந் தேதி லிங்கன் அவர்களுக்கு நன்றிக் கடிதம் எழுதினார். அவருடைய சிலை இன்றும் மான்செஸ்டரில் நிற்கிறது.

எல்லோரும் ஒரே மனதாக இருந்தார்கள் என்று நான் சொல்லவில்லை. 1863ல் ஸ்டாலிபிரிட்ஜ் என்ற ஆலை ஊரில், நிவாரணத்தைக் காசாகத் தராமல் சீட்டாகத் தந்ததும் கலகமே மூண்டது. பசி பசிதானே! அந்தப் பசியிலும் முகம் பார்த்திராத அடிமைக்காகக் கை தூக்கினார்கள். திருப்பூர் பனியன் கம்பெனியில் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து நம் பக்கத்து மிஷினில் உட்கார்ந்திருப்பவரைப் பார்த்து முணுமுணுக்கிறோமே, அவர் முகத்தையாவது நாம் தினம் பார்க்கிறோம்.

அந்த யுத்தத்தால் நம் நாட்டுப் பஞ்சுக்குக் கிராக்கி வந்தது, விலை எகிறிற்று. 1865ல் யுத்தம் முடிந்ததும் சரிந்தது. மூலனூர் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் பருத்தி மூட்டையை இறக்கிவிட்டு ஏலத்துக்குக் காத்து நிற்பவருக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

தங்க இடம் தேடும் மாணவர்கள் ஆன்கோட்ஸ் பகுதிக்குப் போனால், 1798ல் கட்டத் தொடங்கிய மரே ஆலையைக் காணலாம். இன்று அது அடுக்குமாடி வீடுகள்.

விக்டோரியா ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் 1653ல் ஏற்பட்ட செத்தம் நூலகம் இருக்கிறது. ஏங்கெல்ஸ் தன் தகப்பனார் பங்குதாரராக இருந்த நூற்பாலையில் வேலை பழக 1842ல் இந்த ஊருக்கு வந்தவர். மேரி பர்ன்ஸ் என்ற ஐரிஷ் தொழிலாளிப் பெண்தான் அவரைச் சேரிகளுக்குள் அழைத்துப் போனார். அங்கே கண்டதை எழுதிய புத்தகம் 1845ல் வெளிவந்தது. அந்த வருஷக் கோடையில் மார்க்ஸும் அவரும் இந்த நூலகத்தில் ஜன்னலோரத்து மேஜையில் உட்கார்ந்து படித்தார்கள். மேஜை இன்னும் அங்கேயே கிடக்கிறது. போய்க் கேட்டால் காட்டுவார்கள்.