பதிவேடும் ஓர் அமானிதமே

(ஆண்டுப் பொதுக்குழுவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

ஒருவர் தமது பெயர், முகவரி, தொலைபேசி எண் ஆகியவற்றை நம்மிடம் ஒப்படைக்கும்போது அவை அமானிதம் ஆகின்றன. காகிதப் பதிவேட்டில் அடித்துத் திருத்திய எழுத்தும் கண்ணுக்குத் தெரியும். இணையப் படிவத்தின் வழியே மாறும் விவரமோ, பழையதைத் தனியே சேமித்து வைக்காவிடில், சுவடின்றி மறைந்துவிடும்.

இதற்குத் தீய எண்ணம் தேவையில்லை, கவனக்குறைவே போதும். வளைகுடாவில் பணியாற்றும் மகன், ஊரிலுள்ள தாயாருக்காகப் படிவம் நிரப்பித் தமது எண்ணையே இட்டுவிடுகிறார். பின்னர் ஓடிபி எண் அவருக்குச் செல்கிறது. தாயாரோ இங்கே இ-சேவை மையத்தில் காத்து நிற்கிறார். பொதுக் கணினியில் முன்பு வந்தவரின் விவரம் தானாகவே நிரம்பி நிற்பதும் உண்டு. சகோதரர் இருவர் ஒரே எண்ணைக் கொடுத்தால், எண்ணைக் கொண்டே ஆளை அடையாளம் காணும் கணினி, அண்ணனின் முகவரி இருந்த இடத்தில் தம்பியின் முகவரியை எழுதிவிடக்கூடும்.

இதற்குப் பரிகாரம் ஒன்றே: படிவம் என்பது விண்ணப்பம் மட்டுமே; அது நேராகப் பதிவேட்டைத் தொடக் கூடாது. கர்நாடகத்தின் ஆலந்த் தொகுதியில், 2023 சட்டமன்றத் தேர்தலுக்கு முன்பு, வாக்காளர் பெயர்களை நீக்கக் கோரி 6,018 இணைய விண்ணப்பங்கள் வந்தன. விசாரணையில் 24 மட்டுமே சரியானவை எனக் கண்டறியப்பட்டது. சரிபார்த்த பின்னரே நீக்கம் என்ற விதி இருந்ததால் ஏனையோர் பெயர்கள் தப்பின. 2025 ஜூன் 6 அன்று தொடங்கப்பட்ட வக்ஃப் சொத்துகளுக்கான உமீத் இணையதளத்திலும், முத்தவல்லி பதிவு செய்வதை வக்ஃப் வாரிய அலுவலர் சரிபார்த்து, அரசு அதிகாரி ஒப்புதல் அளிக்கும் மூன்று நிலைகள் உள்ளன.

நமக்கு இது புதிதன்று. திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனமான 2:282, கடனை எழுதி வைப்பதைப் பற்றியதே. கடன் பட்டவரே வாசகத்தைச் சொல்ல வேண்டும். இயலாதெனில் அவருடைய பொறுப்பாளர் சொல்ல வேண்டும். எழுதுபவர் நேர்மையாக எழுத வேண்டும். சாட்சிகள் இருக்க வேண்டும் என்று அது வகுக்கிறது.

நமது குடும்பப் பதிவேட்டை இணையத்தில் ஏற்றுங்கால் இவற்றைக் கடைப்பிடிப்போமாக: தொலைபேசி எண்ணுக்குப் பதிலாகக் குடும்ப எண்ணை அடையாளமாகக் கொள்வோம். வெற்றுக் கட்டம் பழைய விவரத்தை அழிக்காதவாறு அமைப்போம். எண் மாற்றம் கோரப்பட்டால் பழைய எண்ணுக்கும் தகவல் அனுப்புவோம். எழுதுபவர் ஒருவராகவும் ஒப்புபவர் வேறொருவராகவும் இருக்கட்டும். பழைய விவரம் தேதியுடன் பாதுகாக்கப்படட்டும். கைபேசி இல்லாத முதியவரின் வீட்டிற்குச் சென்று கேட்டு எழுதுவோம்.

ஜனாஸா அறிவிப்பும் நிக்காஹ் பதிவும் உதவித் தொகையும் இந்த விவரங்களையே நம்பியுள்ளன. ஒரு விதவைச் சகோதரியின் எண் மாறிப்போனால், அவருக்குரிய உதவிச் செய்தி வேறொருவர் வீட்டில் ஒலிக்கும். அவரோ ஜமாஅத் தம்மை மறந்துவிட்டதாக எண்ணி மௌனமாக இருப்பார்.

அமானிதங்களைப் பேணும் நன்மக்களாக நம்மை வல்ல இறைவன் ஆக்கியருள்வானாக! ஆமீன்.